தொட முடியாத ரப்பர்

எதைப் பார்த்தாலும் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்பது அவள் பழக்கம். கடையில் ரொட்டி வாங்கினாலும் சரி, யார் வீட்டிலாவது நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாலும் சரி, முதலில் கட்டைவிரல் போகும், அப்புறம்தான் ஆள் போவாள். அதனால் பட்டறையில் அவளுக்குக் ‘கட்டைவிரல்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் கட்டைவிரல். அது அவள் காதுக்கும் வந்தது. அவள் சட்டை செய்யவில்லை.

பட்டறை அவள் தம்பியுடையது. உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவின் கடைசியில், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. அங்கே டயர் மட்டும்தான் செய்வார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற டயர். ரிமோட் வைத்து ஓட்டுகிற சின்ன வண்டிகள் இருக்கின்றனவே, பாறை, சேறு, மணல் என்று கரடுமுரடான இடத்தில் ஏறி இறங்குபவை, அவற்றுக்கான டயர். “பொம்மை வண்டி டயரா?” என்று யாராவது கேட்டுவிட்டால் தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தாடி வைத்தவர்களும் தொப்பை வைத்தவர்களும் விடுமுறை நாளில் பாறைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிற வண்டி அது. அதில் வேகத்துக்கு மதிப்பில்லை. கவிழாமல் ஏற வேண்டும், அவ்வளவுதான். ஏறுவதும் கவிழ்வதும் டயர் கையில்.

அவள் முன்பு ஒரு செருப்புக் கம்பெனியில் அடிப்பாகத்துக்கு ரப்பர் கலக்கிக்கொண்டிருந்தாள். அப்போது தம்பி வண்டி ஓட்டுவதோடு சரி, பட்டறை கிட்டறை ஒன்றும் இல்லை. ஒருநாள் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, சேறு அப்பிய வண்டியைக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

“அக்கா, உங்க கம்பெனி செருப்பு ஈரத்தரையில வழுக்காதுன்னு சொல்வியே, அது எப்படி?”

“ஏன், எங்க போய் வழுக்கி விழுந்த?”

“நான் விழல. இது விழுந்துச்சு. கடைசிப் பாறை. எல்லார் முன்னாடியும் மல்லாக்க.”

அவன் முகத்தைப் பார்த்தால், வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளலாம். அவள் ஈரக்கையைத் துடைத்துவிட்டு டயரை அமுக்கினாள். “இது ரப்பரா, மரக்கட்டையா? இதை மாட்டிக்கிட்டுப் பாறையில ஏறினா வேற என்ன ஆகும்?” என்றாள். அந்த ஒரு அமுக்கில்தான் பட்டறை ஆரம்பித்தது என்று தம்பி பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவான்.

ரப்பரில் ஒரு தீராத வம்பு உண்டு. மெத்தென்று செய்தால் பாறையை நன்றாகக் கவ்வும். ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும், கூரான கல்லில் மாட்டினால் டயரில் துருத்திக்கொண்டிருக்கிற பல் பிய்ந்து வந்துவிடும். கெட்டியாகச் செய்தால் உழைக்கும். ஆனால் ஈரக்கல்லைக் கண்டதும் காலை வாரிவிடும். எண்ணெயைக் கூட்டினால் மெதுமெதுவென்று வரும், கொஞ்ச நாளில் அந்த எண்ணெயே வியர்வை போல் வெளியே கசியும். இயற்கை ரப்பர் கிழியாது, ஆனால் ஈரத்தில் பிடிப்பு போதாது. பிடிப்புக்கு ஒரு செயற்கை ரப்பர், தேயாமல் இருக்க இன்னொன்று. ரப்பரை உறுதியாக்கப் போடுகிற கரித்தூளில் பாதியைக் குறைத்து வெள்ளை சிலிக்காத்தூள் போட்டால் ஈரக்கல்லில் நிற்கும், ஆனால் கலக்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ஒன்றைச் சரிசெய்யப் போனால் இன்னொன்று கோணிக்கொள்ளும்.

இரண்டு இரும்பு உருளைகள் ஒன்றை நோக்கி ஒன்று சுழல, அவற்றின் மேல் ரப்பர் போர்வை போல் சுற்றிக்கொண்டு வரும். அதைக் கத்தியால் கீறி, மடித்து, மறுபடி உருளைகளுக்கு நடுவே கொடுப்பாள். வெறுங்கைதான். கையுறை போட்டால் அது உருளையில் மாட்டிக்கொண்டு கையையும் சேர்த்து இழுத்துவிடும் என்று அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்த இடத்திலேயே பயமுறுத்தியிருந்தார்கள். கடைசியில் கந்தகம். அது சீக்கிரம் வேலை செய்வதற்காக ஆக்சிலரேட்டர் என்று ஒரு வெளிர்மஞ்சள் தூள். அப்புறம் அச்சில் வைத்துச் சூட்டில் வேகவிட வேண்டியதுதான்.

எத்தனையோ கலவை வீணாய்ப் போனது. கொட்டகைக்குப் பின்னால் கற்பலகைகளை அடுக்கி, குழாயில் தண்ணீர் விட்டு, தம்பி வண்டியை ஏற்றுவான். சறுக்கும். அவள் உள்ளே போவாள். மறுபடி வருவாள். மறுபடி சறுக்கும், இல்லாவிட்டால் பல் பிய்யும். ஒருநாள் பிற்பகலில் வண்டி செங்குத்தான ஈரப்பலகையில் பாதி தூரம் போய் நின்றது. தம்பி விசையை விட்டுவிட்டான். வண்டி இறங்கவில்லை. அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

“அக்கா, பல்லி மாதிரி நிக்குது பாரேன்!” என்று அவன் கத்தியதில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப்பார்த்தார். மோட்டார் கொதிக்கிற வரைக்கும் அதைக் கல்லில் போட்டு இழுத்தார்கள். ஒரு பல் கூடப் பிய்யவில்லை. அவள் டயரைக் கழற்றி அமுக்கினாள், மறுபடி அமுக்கினாள், பிறகு சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கலவைக்குத் தம்பி ‘அக்கா சாஃப்ட்’ என்று பெயர் வைத்துப் பாக்கெட்டில் அச்சடித்தான். அவள் வீட்டுக்காரர் தையல் கடை வைத்திருப்பவர், வாயைத் திறந்தால் கிண்டல்தான். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என் பொண்டாட்டி சாஃப்ட்டுன்னு அச்சடிச்சே வித்துட்டான் உன் தம்பி. ஊரை ஏமாத்துறதுக்கும் ஒரு அளவு வேணாமா?” என்றார். கடல் தாண்டியெல்லாம் அந்த டயரைக் கேட்டு எழுதினார்கள்.

கையில் அரிப்பு ஆரம்பித்தபோது அவள் பாத்திரம் கழுவுகிற சோப்பைக் குற்றம் சொன்னாள். சோப்பை மாற்றினார்கள். விரல் இடுக்கில் கொப்புளம் வந்தது. பாத்திரம் கழுவ ரப்பர் கையுறை வாங்கி வந்தார் வீட்டுக்காரர். மறுநாள் மணிக்கட்டு வரைக்கும் சிவந்து வீங்கிவிட்டது. தோல் வெடித்து, சட்டைப் பொத்தான் போடக்கூட விரல் மடங்கவில்லை. விடுப்பு எடுத்தால் ஆறும், வேலைக்குப் போனால் மறுபடி தலைகாட்டும். “ரப்பருக்கும் எனக்கும் ஒத்துக்கலையோ?” என்று அவள் ஒருநாள் விளையாட்டாய்ச் சொன்னாள்.

தோல் டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, முதுகில் சின்னச் சின்னச் சதுரங்களாக மருந்து ஒட்டி அனுப்பினார். சில நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது, மற்ற இடமெல்லாம் சாதாரணமாக இருக்க, ஒரு சதுரம் மட்டும் தழல் மாதிரி சிவந்திருந்தது.

“இது அந்த ஆக்சிலரேட்டர்தாம்மா” என்றார் டாக்டர். “உங்க உடம்புக்கு அது இனிமே ஆகாது.”

“இத்தனை வருஷமாக் கலக்குறேனே டாக்டர். அப்பல்லாம் ஒண்ணும் பண்ணலையே?”

“இது அப்படித்தான் வரும். வருஷக்கணக்கா சும்மா இருக்கும். திடீர்னு ஒருநாள் இது எதிரின்னு உடம்பு முடிவு பண்ணிடும்.”

“எப்ப சரியாகும்?”

“கை ஆறிடும். ஆனா உடம்பு மறக்காது. தொட்டா திரும்ப வரும்.”

“அப்ப ஏதாவது கையுறை போட்டுக்கிட்டு…”

“ரப்பர் கையுறை செய்யறதுக்கும் அதே மாதிரி சாமான்தாம்மா போடறாங்க. அதான் உங்களுக்கு அதிகமாச்சு. வேற கையுறை இருக்கு, ஆனா நீங்க சொல்ற மெஷின்கிட்ட அதையும் போட முடியாதுங்கறீங்களே. செருப்பு, எலாஸ்டிக், பழைய டயர், எல்லாத்துலயும் கவனமா இருங்க.”

அவள் சிரித்துவிட்டாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று டாக்டர் பார்த்தார். வெளியே வந்து, வாசல் படியில் செருப்பை மாட்டப் போனவள் காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டாள். அந்த அடிப்பாகம் அவள் பழைய கம்பெனியில் செய்தது. கூட வந்த வீட்டுக்காரர் குனிந்து செருப்பை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். வண்டி நிறுத்திய இடம் வரைக்கும் அவள் வெறுங்காலோடு நடந்தாள்.

அன்று வீட்டில் அவர் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து அவளுடைய துணிகளில் இருந்த எலாஸ்டிக்கை ஒவ்வொன்றாகப் பிரித்து, நாடா கோத்துக் கொடுத்தார். ஒரு கிண்டல் கூட அடிக்கவில்லை. “ஏதாவது சொல்லுங்களேன்” என்று அவள்தான் கேட்க வேண்டியிருந்தது. “என்னத்தச் சொல்ல?” என்றார் நூலைக் கடித்துக்கொண்டே.

தம்பி லேசில் விடுகிறவன் இல்லை. கொட்டகைக்கு நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்தான். பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்த ஒருவரைக் கூட்டி வந்து உருளை முன்னால் நிறுத்தினான். பிசைகிற கை, பழகிவிடும் என்பது அவன் கணக்கு. எல்லாரும் அவரை மாஸ்டர் என்றார்கள். அவள் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்ல வேண்டும், அவர் செய்ய வேண்டும்.

“மாஸ்டர், இப்ப எப்படி இருக்கு?” என்று கண்ணாடியைத் தட்டிக் கேட்பாள்.

“மெத்துனு இருக்கும்மா!”

கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப?”

“இப்பவும் மெத்துனுதான் இருக்கு!”

“எந்த மாதிரி மெத்துன்னு?”

அவர் பாவம், யோசித்துப் பார்ப்பார். “நல்ல மெத்துங்க” என்பார்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும். அமுக்கினால் விரல் உள்ளே போவது ஒரு விஷயமே இல்லை. விரலை எடுக்கும்போது ரப்பர் எவ்வளவு தயங்கித் தயங்கித் திரும்புகிறது என்பதில்தான் பிடிப்பு இருக்கிறது. அதை எந்த வார்த்தையில் சொல்வது? கெட்டி பார்க்கிற மீட்டர் ஒன்று இருந்தது. அது எண்ணைக் காட்டும், தயக்கத்தைக் காட்டாது. அவள் கை தன்னாலே கண்ணாடியில் போய் அமுக்கிக்கொண்டிருக்கும். அதுவும் நீடிக்கவில்லை. தூளுக்குத் தடுப்பு ஏது? ஒரு வாரம் போவதற்குள் கண் இமை இரண்டும் வீங்கி, அவள் கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அப்புறம் தம்பி இன்னொரு வழி கண்டுபிடித்தான். கந்தகமும் வேண்டாம், ஆக்சிலரேட்டரும் வேண்டாம். பெராக்சைடு என்ற வேறொரு ரசாயனம் போட்டும் ரப்பரை வேகவைக்கலாம். கொட்டகையைக் கழுவித் துடைத்து, தனியாக ஒரு சின்ன உருளை வாடகைக்கு எடுத்து, வேறு அறையில் வைத்தான்.

“இது உனக்குன்னே, அக்கா. இதுல அந்தச் சனியன் கிடையாது. தொட்டுப் பாரு.”

வெந்து வந்த முதல் டயரை அவள் பயந்து பயந்து தொட்டாள். இரண்டு நாள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் கால் தரையில் படவில்லை. பழையபடி உருளை முன்னால் நின்றாள், கீறினாள், மடித்தாள், அமுக்கினாள். மாஸ்டரைப் பார்த்து, “இது எந்த மெத்து சொல்லுங்க?” என்று வம்பிழுத்தாள். ஈரக்கல்லில் புது டயர் நன்றாகவே ஏறியது. தம்பி பாக்கெட்டில் பழைய பெயரையே போட்டு அனுப்ப ஆரம்பித்தான்.

“பல் எப்படி?” என்று அவள் கேட்டாள்.

“ஒருத்தரும் குறை சொல்லல.”

“கூரான கல்லுல விட்டுப் பாத்தியா?”

“பாத்தேங்கறேன்ல. நல்லா இருக்கு. போதும்க்கா.”

தம்பி பொய் சொன்னால் காது மடல் சிவக்கும், சின்ன வயதிலிருந்தே. அவள் அன்று அவன் காதைப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

ஒருநாள் மழை. பட்டறையிலிருந்து அவளைக் காரில் வீட்டில் விட வந்தான். வாசலில் நிறுத்தி, குடை பின்னால் இருக்கிறது என்றான், பிறகு ஏதோ நினைவு வந்தவன் போல், “இரு, நான் எடுக்கறேன்” என்று அவசரமாக இறங்கினான். அதற்குள் அவள் பின்கதவைத் தூக்கிவிட்டாள். குடைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு, வாய் திறந்து கிடந்தது. உள்ளே முழுக்கப் புதுக் கலவை டயர்கள். திருப்பி அனுப்பப்பட்டவை. சிலவற்றில் ஓரத்துப் பல் பாதி கிழிந்து தொங்கியது. சிலவற்றில் பல் இருந்த இடம் மொழுக்கென்று இருந்தது.

மழையில் நனைந்துகொண்டே அவள் ஒன்றை எடுத்துக் கிழிந்த பல்லைப் பிடித்து இழுத்தாள். சுலபமாகக் கையோடு வந்தது. எங்கே தப்பு என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கலவையில் தப்பில்லை. கந்தகம் போட்டால் கிடைக்கிற, கிழியாத இழுவை பெராக்சைடில் வராது. கெட்டியாக்கினால் கிழியாது, ஆனால் பிடிக்காது. அவள் எல்லாக் கலவையையும் ஏற்கெனவே முயன்றிருந்தாள்.

“எவ்வளவு நாளா வருது?”

“அக்கா, கார்ல உக்காரு. நனையற.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“ஆரம்பத்துல இருந்தே” என்றான். “கொஞ்சம் பேர்தான். சரி பண்ணிடலாம்னு நெனச்சேன்.”

“சரி பண்ண முடியாதுடா. எனக்குத் தெரியுது, உனக்கும் தெரியும். நான் தொடணுங்கறதுக்காக ஊரான் வண்டியெல்லாம் குப்புற விழணுமா?”

“விழட்டுமே! யார் செத்துடப் போறாங்க? பொம்மை வண்டிதானே!” என்று கத்தினான். அந்த வார்த்தையை அவன் வாயால் அவள் அதுவரை கேட்டதே இல்லை. சொன்ன பிறகு அவனே திகைத்துப்போய் நின்றான். அவள் சாக்கின் வாயைக் கட்டி வைத்துவிட்டு, குடையை எடுக்காமலேயே வீட்டுக்குள் போனாள்.

மறுநாள் அவளே போன் செய்தாள். பழைய கலவையையே போடு, மாஸ்டர் கலக்கட்டும், எனக்காக எதையும் மாற்றிச் செய்யாதே என்றாள். தம்பி அழுதான். யாரையாவது திட்டினாலாவது அவளுக்கு மனசு ஆறும். யாரைத் திட்டுவது? மஞ்சள் தூளையா, தன் தோலையா?

இப்போது அவள் திரைச்சீலைத் துணி விற்கிற கடையில் துணி வெட்டிக் கொடுக்கிறாள். நல்ல முதலாளி, தொந்தரவில்லாத வேலை. கை ஆறிவிட்டது. வீட்டுக்காரர் பழையபடி கிண்டலை ஆரம்பித்துவிட்டார், அவளும் சிரிக்கிறாள். பட்டறையில் மாஸ்டர் முதலில் கொஞ்ச நாள் தடுமாறினார், பிறகு கலவையில் தானாக ஏதோ சின்ன மாற்றம் செய்தார் என்று கேள்வி. என்ன மாற்றம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு என்ன செய்ய?

சென்ற மாதம் தம்பி விடாப்பிடியாக ஒரு போட்டிக்கு அழைத்துப் போனான். குன்றின் அடிவாரத்தில் பாறைகளுக்குக் கயிறு கட்டி, வழி பிரித்திருந்தார்கள். அவள் கயிற்றோரமாக நின்றாள். தம்பி பெயர் கொடுக்கப் போயிருந்தான். பக்கத்தில் நின்ற, கண்ணாடி போட்ட ஒருவருக்குப் போன் வந்தது.

“மேடம், ஒரு நிமிஷம் இதைப் பிடிச்சுக்கறீங்களா?” என்று வண்டியை நீட்டினார்.

நீட்டியபோது அவள் கண்ணுக்கு முன்னால் நான்கு சக்கரங்கள். பல்லின் சாய்வைப் பார்த்ததுமே தங்கள் பட்டறை அச்சு என்று தெரிந்துவிட்டது. அவள் கை பாதி தூரம் முன்னால் போயிற்று. பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“ஒரு நிமிஷம்தாங்க. சேறெல்லாம் இல்ல, தொடச்சுட்டேன்.”

“இல்ல… எனக்குக் கையில…” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. ஆறிய கையைக் காட்டி என்ன சொல்வது? அவர் முகம் சுருங்கியது. “பரவால்ல, பரவால்ல” என்று வண்டியைப் புல்லில் வைத்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

பேச்சை முடித்துத் திரும்பி வந்தவருக்கு மனசு கேட்கவில்லை போலும். தானாகவே பேச்சுக் கொடுத்தார். “இந்த டயர் நல்லா இருக்குங்க. முன்னாடி ஒரு தடவை வாங்கினது எல்லாம் பிஞ்சு போச்சு. நடுவுல எவனோ கெடுத்துட்டான். இப்ப திரும்ப நல்லாப் பண்றாங்க.”

“அப்படியா?” என்றாள் அவள்.

திரும்பி வரும்போது தம்பி உற்சாகமாக இருந்தான். குளிர் தேசத்திலிருந்து ஒரு பெரிய கிளப் கேட்டிருக்கிறதாம், பனியிலும் விறைக்காமல் பாறையைப் பிடிக்கிற மாதிரி டயர் வேண்டுமாம். “மெத்துனு பண்ணா தேயுது. எண்ணெயக் கூட்டலாமா, இல்ல ரப்பரையே மாத்தலாமாக்கா? நீ என்ன நெனக்கிற?”

அவளுக்கு எந்த ரப்பர் என்று உடனே தோன்றியது. எவ்வளவு போடலாம் என்று கூட மனம் ஓட ஆரம்பித்தது. ஆனால் அது சரியா, இன்னும் ஒரு பிடி குறைக்க வேண்டுமா என்பது வெந்து வந்ததைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“மாஸ்டரைக் கேளு” என்றாள்.

“உன்னைத்தானே கேட்டேன்.”

“எனக்குத் தெரியலடா.”

அவன் முன்னால் போன லாரியை முந்துவதில் கவனமாகிவிட்டான். வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டு, “அடுத்த வாரம் வரேன்க்கா” என்றான். “வா, சாப்பிடற மாதிரி வா” என்றாள் அவள்.